வந்தவள் பொறுப்புக்கு வந்தால்...

இந்த மாதப் பாடம்



போன மாதங்களில் உள்கடன், வங்கிக் கணக்கு, தணிக்கை என்று கணக்குப் பாடமாகவே படித்தோம். இந்த மாதம் கணக்கு நோட்டை யார் கையில் கொடுப்பது என்பதைப் பற்றிப் படிக்கப் போகிறோம். இது நாமாகத் தேடி எடுத்த பாடம் இல்லை. நம் கூட்டமைப்பிலேயே எழுந்த ஒரு கேள்வி. அதனால் முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு குழுவில் நடந்தது

ஒரகடம் பக்கம் ஒரு ஊராட்சி. அங்கே நம் குழு ஒன்றில் ஊக்குநரை மாற்ற வேண்டிய நேரம் வந்தது. பழைய ஊக்குநருக்கு உடம்பு முடியவில்லை. யாரைப் போடலாம் என்று பேச்சு வந்தபோது ஒரு சகோதரி, ஒடிசாவிலிருந்து வந்த உறுப்பினரின் பெயரைச் சொன்னார்.

அந்தத் தோழி ஒன்பது வருஷம் முன்னால் கம்பெனி வேலைக்காக இங்கே வந்தவர். விடுதியில் தங்கி ஆபரேட்டராக இருந்தார். பிறகு இங்கேயே கல்யாணம், குழந்தை, ரேஷன் கார்டு எல்லாம் ஆகிவிட்டது. நான்கு வருஷமாகக் குழுவில் உறுப்பினர். ஒரு வாரம்கூட சந்தா தவறியதில்லை. தமிழ் நன்றாகப் பேசுகிறார், எழுத்துக்கூட்டி எழுதவும் கற்றுக்கொண்டார். கடந்த இரண்டு வருஷமாக ரொக்கப் புத்தகமும் கடன் பேரேடும் எழுதுவது அவர்தான்.

பெயரைச் சொன்னதும் கூட்டம் அமைதியாகிவிட்டது. பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள்.

"அவ நல்லாத்தான் எழுதுறா. இல்லேங்கல. ஆனா பொறுப்புன்னா நம்ம ஊரு ஆளு இருக்கணும் இல்ல?"

"நாளைக்கே ராவோட ராவா மூட்டையக் கட்டிக்கினு ஊருக்குப் போயிட்டான்னா? பேங்க்காரன் யாரு வூட்டுக் கதவத் தட்டுவான்?"

"பி.டி.ஓ. ஆபீசுக்குப் போயி இவ என்னா பேசுவா? அவுங்க இவள மதிப்பாங்களா?"

அந்தத் தோழி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: "அக்கா, ரெண்டு வருஷமா நோட்டு எழுதறேன். அப்போ நான் வெளியூருன்னு தெரியலையா?"

யாருக்கும் பதில் வரவில்லை. முடிவு எடுக்காமல் கூட்டம் கலைந்தது. அடுத்த கூட்டத்தில் என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முன் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

நாம் எல்லோரும் வந்தவர்கள்தானே?

சகோதரிகளே, உங்கள் குழுவில் உள்ளவர்களை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். எத்தனை பேர் அந்த ஊரிலேயே பிறந்தவர்கள்? பெரும்பாலோர் வாக்கப்பட்டு வந்தவர்கள். அந்தக் கூட்டத்திலேயே ஒரு மூத்த உறுப்பினர் சொன்னார்: "நான் இந்த ஊருக்கு வந்து முப்பத்தஞ்சு வருஷம் ஆவுது. பேரன் பேத்தி எடுத்துட்டேன். இன்னமும் என்னை உத்திரமேரூர்க்காரின்னுதான் கூப்புடுறாங்க."

வந்த புதிதில் நம்மையும் மாமியார் வீட்டில் அப்படித்தான் பார்த்தார்கள். சாவிக்கொத்தை உடனே கொடுத்தார்களா? இல்லை. அடுப்படி வேலை முதல் நாளே வந்துவிட்டது, சாவி வருவதற்குப் பல வருஷம் ஆனது. வேலை முதலில் வரும், நம்பிக்கை கடைசியில் வரும். இது நமக்குத் தெரிந்த அனுபவம். அதே அனுபவம்தான் இன்று ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் நம் பக்கம் வந்திருக்கும் பெண்களுக்கும் நடக்கிறது.

நம் பகுதி எப்படி மாறியது என்று நமக்கே தெரியும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசி ஆலை வந்தது. அதில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். நம் மாவட்டங்களின் பெண் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறிப் போனது அப்போதுதான். 2014 நவம்பர் 1-ஆம் தேதி அந்த ஆலை நின்றபோது எத்தனை வீடுகளில் அடுப்பு தடுமாறியது என்பதும் நமக்குத் தெரியும். பிறகு ஒரகடம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் என்று கம்பெனிகள் பெருகின. இப்போது தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய குடியிருப்பைத் திறந்தார்கள். 18,720 பேர் தங்கக்கூடிய இடம். ஒரு சிறிய நகரத்துக்குச் சமம்.

இத்தனை பேர் ஓரிடத்தில் இருந்தால் அவர்களுக்குச் சாப்பாடு, தண்ணீர், மருந்து, பாதுகாப்பு, சண்டை வந்தால் தீர்த்து வைப்பது எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். அதற்குப் பெயர்தான் நிர்வாகம். குழுவில் ஊக்குநர் செய்வதும் நிர்வாகம். விடுதியில் வார்டன் செய்வதும் நிர்வாகம். பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் செய்வதும் நிர்வாகம்தான். அளவுதான் வேறு. கணக்கைப் பார்ப்பது, ஆளைப் பார்ப்பது, பதில் சொல்வது என்ற மூன்றும் எங்கும் ஒன்றுதான்.

கடல் கடந்து போன பெண்கள்

பெரிய இடத்தில் வந்தேறியாகப் போய்ப் பொறுப்புக்கு வந்த பெண்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறோம்.

ரேணு கட்டோர் உத்தரப் பிரதேசத்தில் பரூக்காபாத்தில் பிறந்தவர். பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். கணவரோடு சின்ன வயசிலேயே அமெரிக்கா போனார். ஆங்கிலம் சரியாக வராது. டி.வி. பார்த்துப் பார்த்துப் பேசப் பழகினார். கல்லூரியில் சேர்ந்தார், 1985-ல் பர்டூ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். ஃபுளோரிடாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துப் படிப்படியாக மேலே வந்தார். 2008 ஜனவரியில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இந்தியாவிலிருந்து குடியேறிய ஒருவர் அங்கே ஒரு பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்துக்குத் தலைவரானது அதுவே முதல் தடவை.

இன்னொருவர் நீலி பெண்டபூடி. விசாகப்பட்டினத்தில் பிறந்தவர். 1986-ல் மேல்படிப்புக்காக அமெரிக்கா போனார். 2018-ல் லூயிவில் பல்கலைக்கழகத் தலைவர். 2022-ல் பென் ஸ்டேட் என்ற மிகப் பெரிய பல்கலைக்கழகத்தின் தலைவர். அந்தப் பல்கலைக்கழகம் 1855-ல் தொடங்கியது. அத்தனை காலத்தில் அங்கே தலைமைக்கு வந்த முதல் பெண் அவர். வெள்ளையர் அல்லாத முதல் தலைவரும் அவரே.

கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் இரண்டு பேர் ஜெயித்ததால் வழி திறந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கக் கல்லூரித் தலைவர்கள் எல்லோரையும் சேர்த்து 2022-ல் கணக்கெடுத்தபோது மூன்றில் ஒருவர்தான் பெண். அந்தப் பெண்களிலும் கறுப்பினப் பெண்கள், நம் போன்ற ஆசியப் பெண்கள், வெளிநாட்டில் பிறந்து வந்த பெண்கள் என்று பார்த்தால் இன்னும் சுருங்கிவிடும். படிப்பு இருந்தும், திறமை இருந்தும் ஏன் இப்படி? அதை அங்கே உள்ள பெண்கள் பல வருஷமாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் மூன்று விஷயம் நமக்கு அப்படியே பொருந்துகிறது.

முதல் விஷயம்: கூட்டு ரோட்டில் நிற்பவள்

அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலையில் நடந்த கதை இது. கார் ஆலை என்பதால் நமக்குச் சட்டென்று புரியும். 1964-க்கு முன்னால் அந்த ஆலை கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததே இல்லை. பிறகுதான் எடுத்தார்கள். கொஞ்ச வருஷத்தில் தொழில் மந்தமானது. "கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே" என்றார்கள். கடைசியில் சேர்ந்தவர்கள் யார்? கறுப்பினப் பெண்கள்தான். 1970-க்குப் பிறகு சேர்ந்த அவர்கள் எல்லோரும் வேலையை இழந்தார்கள்.

ஐந்து பெண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1976-ல் தீர்ப்பு வந்தது. "பெண் என்பதால் ஒதுக்கினார்கள் என்று சொல்ல முடியாது, இந்த ஆலை பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறது" என்றது கோர்ட். அப்படி வைத்திருந்தது வெள்ளைப் பெண்களை. "கறுப்பர் என்பதால் ஒதுக்கினார்கள் என்றால், கறுப்பர்கள் போட்டிருக்கும் இன்னொரு வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள்" என்றது. இரண்டும் சேர்ந்து ஒருத்தி மேல் விழுந்ததைப் பார்க்க அந்தச் சட்டத்துக்குக் கண் இல்லை.

இந்த வழக்கை எடுத்து 1989-ல் கிம்பர்லே கிரென்ஷா என்ற கறுப்பினச் சட்டப் பேராசிரியை ஒரு கட்டுரை எழுதினார். நாற்சந்தியில் விபத்து நடந்தால் எந்தப் பக்கத்து வண்டி மோதியது என்று சொல்ல முடியாது, சில சமயம் எல்லாப் பக்கமிருந்தும் மோதும் என்றார்.

நமக்கு ஒரகடம் கூட்டு ரோடு தெரியும். ஒரு பக்கம் வண்டலூர் - வாலாஜாபாத் ரோடு. இன்னொரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர் - சிங்கப்பெருமாள் கோயில் ரோடு. ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி பஸ்ஸும் லாரியும் வரும். ரோட்டோரம் நிற்பவளுக்கு ஒரு பக்கம் பார்த்தால் போதும். கூட்டு ரோட்டின் நடுவில் நிற்பவள் நாலு பக்கமும் பார்க்க வேண்டும். பெண், ஏழை, வேற்று மொழிக்காரி, சாதியில் தாழ்ந்தவள் என்று ஊர் சொல்பவள், வாடகை வீட்டுக்காரி என்று இதெல்லாம் ஒருத்தியிடமே சேர்ந்தால் அவள் கூட்டு ரோட்டில் நிற்கிறாள். "நாங்களும் பொம்பளைதானே, நாங்க கஷ்டப்படலையா?" என்று கேட்பதற்கு முன்னால் அவள் நிற்கும் இடத்தை நாம் பார்க்க வேண்டும்.

இரண்டாவது விஷயம்: கணக்கில் வராத வேலை

அமாடோ படில்லா என்ற பேராசிரியர் 1994-ல் ஒரு விஷயத்தை எழுதினார். வெள்ளையர் நிறைந்த பல்கலைக்கழகத்தில் வேறு இனத்தவர் ஒருவர் வேலை பார்த்தால், அவர் தலையில் ஒரு தனி வரி விழுகிறது என்றார். பணமாகக் கட்டும் வரி இல்லை, உழைப்பாகக் கட்டும் வரி. அவர் இனத்துப் பிள்ளைக்கு ஒரு பிரச்சினை என்றால் அவரைக் கூப்பிடு. கமிட்டி போட வேண்டும், எல்லா இனமும் இருக்க வேண்டும் என்றால் அவரையே போடு. விழாவுக்கு அவரை மேடையில் உட்கார வை. இதெல்லாம் செய்து முடித்தால், பதவி உயர்வு வரும்போது "உங்கள் ஆராய்ச்சி குறைவாக இருக்கிறதே" என்பார்கள்.

நம் பக்கத்து விடுதிகளில் இதை நாம் கண்ணால் பார்க்கிறோம். நம் உறுப்பினர்கள் பலர் விடுதிகளில் சமைக்கிறார்கள், பெருக்குகிறார்கள், அறையை வாடகைக்கு விடுகிறார்கள். அவர்கள் சொல்வது இது: ஒரு விடுதியில் இந்தியும் ஒடியாவும் தமிழும் தெரிந்த பெண் ஒருத்தி இருந்தால் அவளுக்குத் தூக்கமே இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பிள்ளைக்கு ஜுரம் என்றால் அவளை எழுப்புவார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் அவள் பேச வேண்டும். சாப்பாட்டில் குறை என்றால் பிள்ளைகள் அவளிடம் சொல்வார்கள், மேலே உள்ளவர்கள் "நீ ஏன் தூண்டி விடுகிறாய்" என்பார்கள். இரண்டு பக்கமும் இடி. ஆனால் அவள் சம்பளச் சீட்டில் ஆபரேட்டர் என்றுதான் இருக்கும்.

நம் குழுவிலும் இதைத்தான் செய்தோம். இரண்டு வருஷம் அந்தத் தோழி நோட்டு எழுதினார். கையெழுத்துப் போட்டது வேறு ஒருவர். ஊர்ப் பழமொழியில் சொன்னால், ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறந்தோம், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறந்தோம். மாட்டுக்குத் தீவனம் வைத்தோமா என்று மட்டும் பார்க்கவில்லை.

மூன்றாவது விஷயம்: சரிந்த பிறகு கொடுக்கும் பதவி

2005-ல் இங்கிலாந்தில் மிச்செல் ரயான், அலெக்சாண்டர் ஹாஸ்லம் என்ற இரண்டு பேர் பெரிய கம்பெனிகளைப் பற்றி ஆராய்ந்தார்கள். கம்பெனி நன்றாக ஓடும்போது ஆண்களே மேலே இருக்கிறார்கள். பங்கு விலை சரிந்து, நிலைமை மோசமான பிறகு பெண்ணைக் கூப்பிட்டுப் பொறுப்பில் வைப்பது நடக்கிறது என்று கண்டார்கள். பள்ளத்தின் விளிம்பில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வது மாதிரி. விழுந்தால், "பொம்பளைக்குக் கொடுத்தோம், கவிழ்த்துட்டா" என்ற பேச்சு வரும். வெள்ளையர் அல்லாத பெண் நிர்வாகிகளும் இதே அனுபவத்தைச் சொல்கிறார்கள்.

நம் குழுக்களில் இது இல்லையா? கடன் ஒழுங்காகத் திரும்பி வரும் வரை ஊக்குநர் பதவிக்குப் போட்டி. நிலுவை ஏறி, வங்கி மேனேஜர் கூப்பிட்டுக் கேட்க ஆரம்பித்ததும், "நீயே எடுத்துக்கோம்மா, நீதான் படிச்சவ" என்று புதிதாக வந்த மருமகள் தலையில் கட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். அதற்குப் பெயர் மரியாதை இல்லை.

வேறு இடத்திலிருந்து வந்தவளால் என்ன லாபம்?

"சரி, அவங்க கஷ்டம் புரியுது. நமக்கு என்னா லாபம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

இந்தியாவில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பெண் துணைவேந்தராக வந்தவர்களில் முன்னோடி ஹன்சா மேத்தா. 1949-ல் பரோடாவில் பொறுப்பேற்றார். அதற்குச் சற்று முன்னால் அவர் நம் நாட்டின் சார்பில் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைக் குழுவில் இருந்தார். உலகத்துக்கே பொதுவான உரிமைப் பிரகடனம் எழுதிக்கொண்டிருந்தார்கள். "எல்லா ஆண்களும் பிறப்பில் சமம்" என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை வைத்து ஆரம்பித்தார்கள். ஆண் என்று சொன்னால் பெண்ணும் அதில் அடக்கம்தானே என்பது அங்கே இருந்தவர்கள் எண்ணம். ஹன்சா மேத்தா விடவில்லை. நாளைக்கு ஒருவன் இதைக் காட்டிப் பெண்ணுக்கு உரிமை இல்லை என்பான், மாற்றுங்கள் என்றார். 1948 டிசம்பரில் அந்தப் பிரகடனம் வெளிவந்தபோது "மனிதர் எல்லோரும்" என்றே இருந்தது. அடிமை நாட்டிலிருந்து அப்போதுதான் விடுபட்டு வந்த ஒரு பெண் அந்த அறையில் இருந்ததால் ஒரு சொல் மாறியது.

நம் தமிழ்நாட்டில் வசந்தி தேவி 1992 முதல் 1998 வரை திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். பிறகு 2002 முதல் மாநில மகளிர் ஆணையத்தின் தலைவராகவும் இருந்தார். பல்கலைக்கழகம் என்றால் கோட் போட்ட பெரிய மனிதர்கள் இடம் என்ற எண்ணத்தை இவரைப் போன்றவர்கள் உடைத்தார்கள்.

புதிதாக வந்தவளுக்கு, பழகியவர்கள் கண்ணில் படாதது படும். அந்த ஒடிசாத் தோழிதான் நம் குழுவில் முதலில் கேட்டார்: "தீர்மானத்தை எழுதுறோம், ஆனா படிச்சுக் காட்டறது இல்லையே, ஏன்?" அவருக்கு வேகமாகத் தமிழ் படிக்க வராது. அதனால் கேட்டார். அவர் கேட்ட பிறகுதான் தெரிந்தது, நம் ஊரில் பிறந்த மூன்று பேருக்கும் படிக்கத் தெரியாது, வெட்கப்பட்டுக் கேட்காமல் கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று. இப்போது ஒவ்வொரு தீர்மானமும் சத்தமாகப் படிக்கப்படுகிறது. லாபம் யாருக்கு? எல்லோருக்கும்.

கேட்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்தோம். 2021 டிசம்பரில் நம் பகுதிக் கம்பெனிப் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு கெட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். என்ன ஆனது என்று உள்ளே இருந்தவர்களுக்குச் சரியான தகவல் இல்லை. செத்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. ராத்திரியில் பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மாவட்ட நிர்வாகம் நேரில் வந்து பேசிய பிறகே எழுந்தார்கள். ரோட்டுக்கு வந்ததால்தான் விடுதிகளின் நிலைமை வெளியே தெரிந்தது. அதற்கு முன்பே, அவர்கள் மொழியில் பேசக்கூடிய, அவர்கள் நம்பக்கூடிய, மேலே போய்ச் சொன்னால் காது கொடுத்துக் கேட்கப்படும் பெண் நிர்வாகி ஒவ்வொரு விடுதியிலும் இருந்தால் எவ்வளவோ நல்லது. பதவிப் பலகை மட்டும் போதாது. சொல்லுக்கு எடை இருக்க வேண்டும்.

பயத்துக்கும் பதில் வேண்டும்

"ஓடிப்போனால் என்ன செய்வது?" என்று கேட்ட சகோதரியை நாம் திட்டக் கூடாது. குழுக் கடன் எல்லோர் தலைமேலும் உள்ள கடன். அவர் பயம் உண்மையான பயம். ஆனால் நேர்மையாக யோசிப்போம். கடனை வைத்துவிட்டு ராத்திரியில் போனவர்கள் எல்லோரும் வெளியூர்க்காரர்களா? இந்த ஊரிலேயே பிறந்தவர்களும் போயிருக்கிறார்கள். பிறந்த ஊரை வைத்து நம்பிக்கையை அளக்க முடியாது. ஒழுங்கான நடைமுறைதான் பணத்தைக் காக்கும். அந்த நடைமுறை நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி நடத்தினால் போதும்.

1. ஊக்குநர் தனியாகப் பணம் எடுக்க முடியாது. பிரதிநிதியும் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாத காசோலையில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

2. பொறுப்பைக் கொடுக்கும்போது தணிக்கை செய்த கணக்கோடு கொடுங்கள். நிலுவை எவ்வளவு, யாரிடம் என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். பழைய பாரம் புதியவள் பெயரில் ஏறக் கூடாது.

3. நோட்டு எழுதுபவருக்குக் குழு ஒப்புக்கொள்ளும் ஒரு தொகையைக் கொடுங்கள். வேலை செய்பவர் ஒருவர், பேர் வாங்குபவர் ஒருவர் என்று இருக்க வேண்டாம்.

4. பொறுப்பைச் சுழற்சியில் மாற்றுங்கள். இரண்டாவது ஆள் ஒருவர் கூடவே கற்றுக்கொள்ளட்டும். அப்போது ஊக்குநர் ஊருக்குப் போனாலும், பிரசவத்துக்குப் போனாலும் குழு நிற்காது.

5. வங்கிக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் முதல் மூன்று தடவை கூடப் போங்கள். "இவங்கதான் எங்க ஊக்குநர்" என்று நம் வாயால் சொல்லுங்கள். நாம் மதித்தால்தான் அவர்கள் மதிப்பார்கள்.

வேலைக்குப் போகும் நம் பெண்களுக்கு இன்னொன்று. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், 2013-ஆம் வருஷச் சட்டப்படி, பாலியல் தொல்லைப் புகாரைக் கேட்க உள் புகார் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் அங்கே மூத்த பொறுப்பில் உள்ள ஒரு பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். சின்ன இடங்களில் வேலை செய்பவர்கள் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். அவசரத்துக்கு 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. இதை உங்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கும் வெளிமாநிலப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். அவர்களுக்குச் சொல்ல இங்கே அம்மா, அக்கா யாரும் இல்லை.

அடுத்த கூட்டத்தில்...

இரண்டாவது கூட்டம் பதினைந்து நாள் கழித்து நடந்தது. கூட்டமைப்பிலிருந்து நாங்கள் இரண்டு பேர் போயிருந்தோம். நாங்கள் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை. உத்திரமேரூர்க்கார அம்மாவே எழுந்து பேசினார்: "எனக்குச் சாவி கொடுக்க இருபது வருஷம் ஆச்சு. அந்தத் தப்ப நாம திரும்பச் செய்யணுமா?"

அந்தத் தோழி ஒரு நிபந்தனை வைத்தார். "எனக்குன்னு தனியா ஜாமீன், தனியா சட்டம்னா வேணாம் அக்கா. எல்லா ஊக்குநருக்கும் என்ன விதியோ அதேதான் எனக்கும்." மேலே எழுதியிருக்கும் ஐந்து விதிகளும் அன்றைக்குப் பேசி முடிவானவைதான். பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் கை தூக்கினார்கள். இரண்டு பேர் தூக்கவில்லை. அதில் ஒருவர், "எனக்கு இன்னும் பயம்தான். ஆனா கணக்க நான் மாசாமாசம் பார்ப்பேன்" என்றார். "பாருங்க அக்கா, அதுதான் வேணும்" என்றார் புதிய ஊக்குநர். நோட்டில் தலைவி இடத்தில் தன் பெயரைத் தமிழில் எழுதும்போது அவர் கை கொஞ்சம் நடுங்கியது. நம் எல்லோருக்கும் முதல் கையெழுத்து அப்படித்தானே இருந்தது?

ஒன்றை நாங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் கூட்டமைப்புச் செயற்குழுவில் இன்றுவரை வெளிமாநிலத்திலிருந்து வந்த சகோதரி ஒருவர்கூட இல்லை. மற்றவர்களுக்குப் பாடம் சொல்லும் நாங்கள் அதை யோசிக்கவே இல்லை. வரும் பொதுக்குழுவில் இதை நாங்களே பொருளாக வைக்கிறோம். ஒருவரை மட்டும் பேருக்குப் போடுவது எங்கள் எண்ணம் இல்லை. ஒருத்தி மட்டும் இருந்தால் அவள் செய்யும் சின்னத் தப்புக்கும் அவள் ஊர் முழுவதையும் குறை சொல்வோம். இரண்டு மூன்று பேர் வர வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

• உங்கள் குழுவில் எத்தனை பேர் அந்த ஊரில் பிறந்தவர்கள்? எத்தனை பேர் வந்தவர்கள்? வந்தவர்களில் எத்தனை பேர் பொறுப்பில் இருந்திருக்கிறார்கள்?

• கையெழுத்துப் போடாமல் வேலை மட்டும் செய்பவர் உங்கள் குழுவில் யார்?

• உங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் வெளிமாநிலப் பெண்கள் குழுவில் சேர விரும்பினால், எது தடையாக இருக்கிறது? அந்தத் தடையில் நம்மால் நீக்க முடிந்தது எது?

• உங்கள் தீர்மான நோட்டை கடைசியாகச் சத்தமாகப் படித்தது எப்போது?

பேசியதை நாலு வரி எழுதி அனுப்புங்கள். எழுத வராதவர்கள் சொல்லச் சொல்லப் பக்கத்தில் உள்ளவர் எழுதட்டும். அடுத்த இதழில் வெளியிடுவோம்.

ஊர் என்பது பிறந்த இடம் மட்டும் இல்லை. நம்மை நம்பிச் சாவி கொடுத்த இடமும் நம் ஊர்தான்.

வாழ்த்துகளுடன்,
ஆசிரியர் குழு